மாமாங்கண்ணன் துரத்திய அன்னம்

தகப்பன் செத்த அன்று மாமாங்கண்ணன் குப்புறக் கிடந்தார். அழுதுகொண்டு அல்ல. வைத்தியர் அப்படிக் கிடக்கச் சொல்லியிருந்தார். வலது கண்ணின் விழித்திரை கிழிந்துபோய், ஒடென்சே என்ற டேனிஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் அதை ஒட்டவைத்து, உள்ளே ஒரு வாயுக்குமிழையும் ஏற்றியிருந்தார்கள். குமிழ் மிதந்து கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். கையில் பச்சைநிறப் பட்டி ஒன்று கட்டி அனுப்பினார்கள். குமிழ் கரைந்து முடியும்வரை விமானம் ஏறக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஏறினால், மேலே போகப் போகக் குமிழ் வீங்கும். கண் போய்விடும்.

மட்டக்களப்பிலிருந்து செய்தி வந்தபோது அவர் அந்தப் பட்டியைத்தான் முதலில் பார்த்தாராம்.

ஒரே மகன் அவர். குழிக்குள் முதல் பிடி மண் அவருடைய கையால் விழுந்திருக்க வேண்டும். அவருடைய அக்காவின் மகன் சுஜிந்தன் போட்டான். மாமாங்கண்ணனின் மனைவி மேரிகிறேஸ் வீடியோ ஓடிக்கொண்டிருந்த தொலைபேசியைத் தரையில், கட்டில் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய முகத்துக்கு நேர் கீழே வைத்தார். அங்கே பெட்டியை இறக்க, இங்கே இவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் குழிக்கு மேல நிண்டு எட்டிப் பார்த்த மாதிரியே இரிந்திச்சி தம்பி,” என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். வேலையிடத்தில் பூஞ்சட்டித் தட்டுகளை எண்ணுகிற குரலில்தான் அதையும் சொன்னார்.

நான் அவர்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருக்கிறேன். மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் விதைக்கிற குடும்பத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதை எனக்கு எங்கும் சொல்லிக்கொள்ள ஆசைதான். மேற்படிப்புக்கு ஒடென்சே வந்தபோது அறை தந்த இவர்களிடமும் சொன்னேன். மாமாங்கண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “அப்ப நல்லாச் சாப்பிடுவாய்,” என்றார். வயதில் எனக்குத் தகப்பன் மாதிரி. ஆனால் ஒடென்சேயில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை அண்ணன் சேர்த்து மாமாங்கண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடி அமாவாசையன்று, மாமாங்கேசுவரர் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு வந்த தகப்பன், அன்று பிறந்த பிள்ளைக்கு ஈர வேட்டியோடேயே வைத்த பெயர் அது.

அந்தத் தகப்பன் மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசியவர். மகன் தொண்ணூறாம் ஆண்டு இங்கே வந்து, கடல் உள்ளே புகுந்து நிற்கிற கடனீரேரி ஓரத்தில், பூச்செடி வளர்க்கிற ஒரு கண்ணாடிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கார்ட்னரி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பூஞ்சட்டிகள்தான். மனைவி கிறேஸக்கா கத்தோலிக்கர், வயோதிபர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் நிலுஷா கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரி வேலை.

முன்பெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைதான் சண்டைக்களமாம். கறியில் புளி கூட, சொதி தண்ணி, உப்பு போதாது என்று ஏதாவது ஒரு குறை சொல்லாமல் மாமாங்கண்ணன் எழும்பமாட்டாராம். நான் அதைக் காணவில்லை. நான் போனபோது தகப்பன் செத்துச் சில மாதம் கழிந்திருந்தது. குமிழ் கரைந்து, பட்டியையும் வெட்டி எறிந்தாயிற்று. வைத்ததைச் சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார். வேலைக்கு ஒருநாளும் பிந்தவில்லை.

“உப்பு இரிக்கா?” என்று கிறேஸக்கா கேட்பார்.

“இரிக்கும்.”

“போட மறந்திட்டன்.”

“அப்ப இல்ல.”

கிறேஸக்கா என்னைப் பார்ப்பார். “பார்த்தியா மனே. நான் ஒருநாளைக்கு மண்ண அள்ளி வைக்கன். அதையும் பிசைஞ்சு சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிருவார்.”

அவர் ஒன்றே ஒன்றைத்தான் புதிதாகச் செய்தார். தகப்பன் போன பிறகு, மத்தியானம் சாப்பிடுமுன் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைக்கத் தொடங்கினார். ஊரில் இது பெரிய காரியமில்லை. வேலியில் வைத்துவிட்டுத் திரும்புமுன் சோறு போய்விடும். இங்கத்தைய காகங்கள் வேறு மாதிரி. உடம்பு சாம்பல், தலையும் செட்டையும் கறுப்பு. வேட்டைக்காரர் சுடுவதால் மனிதர் கையைத் தூக்கினாலே பறந்துவிடும். அவர் கார்ட்னரிக்குக் கீழே இறங்குகிற பாதையில், பழைய படகுத்துறைக்குப் போவார். கட்டை ஒன்றின் மேல் சோற்றை வைத்துவிட்டு, “கா... கா...” என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் போன பிறகுதான் ஒரே ஒரு காகம் வந்தது. இடது செட்டையில் ஒரு வெள்ளை இறகு. அவர் ஆடாமல் அசையாமல் நின்றால் வரும். பக்கத்தில் யாராவது தும்மினாலும் போய்விடும். அது எடுத்த பிறகுதான் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்.

காகத்துக்கு முன்பே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். துறைக்குப் பக்கத்து நாணலில் ஒரு சோடி அன்னம் கூடு வைத்திருந்தது. “கா... கா...” என்ற சத்தம் கேட்டதும் அவை இரண்டும் நீந்தி வரும். பசித்த வாய்தானே என்று அவற்றுக்கும் ஒரு பிடி போட்டார். பிறகு அவற்றுக்கென்றே கூடுதலாகச் சோறு கட்டிக்கொண்டு போனார். வைகாசியில் நான்கு சாம்பல் குஞ்சுகள் பின்னால் வந்தன. ஆனியில் குடும்பமே கரையேறி, பாதையில் நடந்து, கார்ட்னரியின் வாசல் படலை வரை வரத் தொடங்கியது. லொறிக்காரர்கள் படம் பிடித்தார்கள். மாமாங்கண்ணனும் ஒரு மாதிரி உதட்டைச் சுழித்தார். அது சிரிப்பு என்று கிறேஸக்காவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஜூலை நடுவில் ஒருநாள் மத்தியானம் அவருக்குத் தட்டு ஏற்றுகிற வேலை முடியச் சுணங்கிவிட்டது. கூப்பிட ஆளில்லை. அன்னங்கள் தாங்களாகவே அவரைத் தேடிக்கொண்டு வந்தன. வளைவில் ஒரு வான் வந்தது. வேகமாகக்கூட வரவில்லை. குஞ்சுகளை விட்டு விலகாமல் நின்ற பெட்டை அன்னம் வானின் சில்லுக்கு அடியில் போய்விட்டது.

விடுமுறைக்கால வேலைக்கு அங்கே நின்ற நானும் ஓடிப்போனேன். வான்காரன் ஒரு இளம் பையன், தலையைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் குந்தியிருந்தான். மாமாங்கண்ணன் சட்டிகள் ஏற்றுகிற வண்டிலைக் கொண்டுவந்து, அன்னத்தைத் தூக்கி அதில் கிடத்தினார். செட்டை ஒன்று விரிந்து தொங்கியது. பெரிய இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குருத்துகள்தான் இருந்தன. நுனியில் தூரிகை மாதிரிக் கொஞ்சம் வெள்ளை, அடியில் நீலமாக இரத்தம்.

“இது பறக்க ஏலாமத்தான் நிண்டிரிக்கு,” என்றார். பிறகு கை கழுவிவிட்டு உள்ளே போய் மிச்சத் தட்டுகளை ஏற்றினார்.

அன்று பின்னேரம் கிர்ஸ்டன் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எங்கள் தெருவின் கடைசி வீடு, பறவைச் சங்கத்துக்காரி. அன்னங்களுக்குத் தீனி போடவேண்டாம் என்ற பலகை ஒன்றைத் துறையில் அடிக்கத் தன்னந்தனியாகச் சுத்தியலோடு நின்றார். மாமாங்கண்ணனும் கிறேஸக்காவும் நானும் போய்ப் பலகையைப் பிடித்தோம்.

“வருஷத்துக்கு ஒருமுறை அன்னங்கள் தங்கள் பறக்கும் இறகு எல்லாவற்றையும் ஒன்றாக உதிர்த்துவிடும்,” என்றார் டேனிஷில். “ஐந்தாறு கிழமைக்கு அது நடக்கவும் நீந்தவும் மட்டும் முடிந்த பறவை. பழைய காலத்தில் ராஜாக்கள் இந்த மாதம் பார்த்துத்தான் வேட்டைக்குப் படகு இறக்குவார்கள். பறக்க முடியாததை அடிப்பதற்கு என்ன வீரம் வேண்டும்? நூறு வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டிலேயே மூன்று நான்கு சோடிதான் மிஞ்சியிருந்தது. அப்போதுதான் சட்டம் போட்டார்கள். இப்போது அதுதான் நம் தேசியப் பறவை.”

“அப்ப ஆணும் பறக்காதா?” என்று நான் கேட்டேன்.

“குஞ்சு உள்ள சோடி இரண்டும் ஒரே நேரத்தில் உதிர்க்காது. முதலில் தாய். அவளுக்கு முளைத்து வரும்போதுதான் தகப்பன் உதிர்க்கும். யாராவது ஒருவர் காவலுக்கு வேண்டுமே.” அவர் நாணல் பக்கம் கையைக் காட்டினார். ஆண் அன்னம் குஞ்சுகளோடு மிதந்துகொண்டிருந்தது. கரையெல்லாம் நீள நீளமாக வெள்ளை இறகுகள். “இப்போது இவனுக்கும் விழுந்துவிட்டது. இனி இவன்தான் எல்லாம்.”

கிறேஸக்கா தமிழில், யாருக்கென்று இல்லாமல் சொன்னார். “இவருக்கு ஏலாத நேரம் அப்பாட முப்பத்தோராம் நாளுக்கு நான் பறந்து போனன். வேதக்காரி போய் நிண்டு எள்ளுந் தண்ணியும் எடுத்துக் குடுத்தன். இதுக்கு ஆர் இரிக்கா?”

மாமாங்கண்ணன் சுத்தியலை வாங்கிக் கடைசி ஆணியை அடித்தார். பிறகு கிர்ஸ்டனைப் பார்த்து, “சோறு போட்டது நான்தான்,” என்றார்.

“தெரியும்,” என்றார் கிர்ஸ்டன். “இந்தத் தெருவில் மத்தியானச் சோறு சமைக்கிற வீடு ஒன்றுதான்.”

“இனிப் போடமாட்டேன்.”

“அது போதாது. பலகையை வாசிக்க அதற்குத் தெரியாது. ‘கா கா’ கேட்டாலும் வரும், கேட்காவிட்டாலும் உங்களைத் தேடி வரும். ஒரு தடவை கிடைத்தாலும் மறக்காது. அதற்கு நம்மைக் கண்டால் பயம் வரவேண்டும். நான் துரத்தினால் எனக்கு மட்டும்தான் பயப்படும், நான் அதற்கு யாரும் இல்லை. அதற்குச் சாப்பாடு தந்த ஆள் துரத்தவேண்டும். அந்தச் சத்தத்தோடேயே துரத்தவேண்டும்.”

“சரி,” என்றார் மாமாங்கண்ணன்.

சரி என்றாரே தவிர அடுத்தடுத்த நாட்களில் அவர் துரத்தவில்லை. சோறு கொண்டு போகவுமில்லை. மத்தியானம் கூடத்துக்குள்ளேயே, சட்டிகளுக்கு நடுவில் நின்று, காகத்துக்கு வைக்காமல் சாப்பிட்டார். ஆண் அன்னம் அந்த நேரத்துக்குப் பாதையில் ஏறி, படலைக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டும். குஞ்சுகள் சுற்றிவர இருக்கும். கிர்ஸ்டன் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு வந்து, துவிச்சக்கரவண்டியைக் குறுக்கே விட்டு லொறிகளை மறிப்பார். அவை களைத்துத் திரும்பிப் போகும்வரை நிற்பார். எழுபது வயது மனுஷி.

“நான் வேணுமெண்டா துரத்தட்டா அண்ணன்?” என்றேன்.

“உனக்குப் பயப்படாது. நீ கோழிக்கும் வழிவிடுற ஆள்.”

அவர் ஏன் துரத்தவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. ஆண்டுத் திவசம் கழிந்து வருகிற முதல் ஆடி அமாவாசை அடுத்த கிழமை இருந்தது. மகன் தகப்பனுக்கு விரதமிருந்து, படைத்து, காகம் எடுத்த பிறகு சாப்பிடுகிற நாள். மண் போட முடியாதவருக்கு மிச்சமாகக் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். அதற்கு அந்தக் காகம் வேண்டும். அந்தக் காகம் சத்தம் கேட்டால் வராது. துறையில் நின்று தடியெடுத்து அன்னத்தைத் துரத்தினால் காகமும் போய்விடும். பிறகு அது எந்தக் காலம் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்.

“வேற கடற்கரையில வைக்கலாமே. கார் இரிக்குத்தானே,” என்றேன்.

“அங்க எந்தக் காகத்துக்கு என்னத் தெரியும்?”

படித்தவன் என்ற முறையில் எனக்கு வேறு யோசனையும் வந்தது. வீட்டுப் பின்வளவில் வைக்கலாம், எல்லாக் காகமும் காகம்தானே என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “ஓம். எல்லாம் காகம்தான்,” என்றார்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஒடென்சேயில் குலேந்திரன் கடைக்குப் போனோம். குலேந்திரன் யாழ்ப்பாணத்தார். மட்டக்களப்பாரைச் சீண்டாமல் மிச்சக் காசு தரமாட்டார்.

“வாங்கோ மாமாங்கண்ணை. இந்தாங்கோ, கசப்புக் காத்தோட்டிக்காய். பிறீசரில வந்து இறங்கினது. இது இல்லாம அமாவாசை விரதமோ?”

“எங்கட பக்கம் இது பெரிசா இல்ல.”

“அதுதான் உங்கட பிதிர்கள் எங்கட வீட்டு முற்றத்தில வந்து நிக்கினம். நாங்கள் ரெண்டு பங்கா வைக்கவேண்டிக் கிடக்கு.”

இன்னொரு காலமென்றால் மாமாங்கண்ணன் தேனும் தயிரும் எந்த ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பார் என்று கிறேஸக்கா சொல்வார். இப்போது, “ஒரு பக்கெட் போடுங்க,” என்று மட்டும் சொன்னார். குலேந்திரன் என்னைப் பார்த்தார். வாழையிலைக் கட்டைத் தானாகவே எடுத்துப் பைக்குள் வைத்து, “இதுக்குக் காசு வேண்டாம் அண்ணை,” என்றார். அதற்கும் இவர் தலையாட்டினார்.

அடுத்த நாள் வியாழன். கோடை விடுமுறை என்பதால் கார்ட்னரியில் பாதி ஆட்கள் இல்லை. மாமாங்கண்ணனுக்கு லீவு கேட்க முடியவில்லை, கேட்கவுமில்லை. காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்திருந்தார். மத்தியான இடைவேளைக்குச் சரியாகக் கிறேஸக்கா காரில் சட்டிகளோடு வந்து இறங்கினார். சோறு, பருப்பு, பூசணி, வாழைக்காய், கீரை, காத்தோட்டிக்காய். கழுத்தில் சிலுவை, கையில் எள்ளுப் போத்தல்.

பாதையின் மேற்பக்கம் கிர்ஸ்டன் துவிச்சக்கரவண்டியைக் குறுக்கே விட்டு நின்றார். அன்று என்ன நாள் என்று நான் அவருக்கு முதலே சொல்லியிருந்தேன். “உங்கள் இடைவேளை முடியும்வரை ஒரு லொறியும் வராது,” என்றார். “உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. அன்னத்துக்காகத்தான் நிற்கிறேன்.”

“அது போதும்,” என்றார் மாமாங்கண்ணன்.

வரும்போது கூடத்திலிருந்து, நிலம் கூட்டுகிற நீளத் தும்புத்தடி ஒன்றை எடுத்து வந்திருந்தார். அதைத் துறை வேலியில் சாய்த்து வைத்தார். கட்டையின் மேல் இலைத்துண்டை விரித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, எள்ளுத் தெளித்து, தண்ணீர் சுற்றிவிட்டார். தள்ளி வந்து நின்றார்.

“கா... கா...”

கரையில் ஏற்றி வைத்திருந்த பழைய படகின் பாய்மரத்தில் அது இருந்தது. வெள்ளை இறகை நான்கூடக் கண்டேன். பல நாளாக வராத ஆளைப் பார்ப்பதுபோலத் தலையைச் சரித்துப் பார்த்தது.

“கா...”

நாணல் விலகியது. ஆண் அன்னம் முன்னால், குஞ்சுகள் பின்னால். நேரே எங்களை நோக்கி வந்தன. இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

காகம் பாய்மரத்திலிருந்து வேலிக்கு இறங்கியது. வேலியிலிருந்து கட்டைக்குப் பக்கத்தில். இலைக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். கிறேஸக்கா என் முழங்கையை நசித்தார். அன்னம் துறைச் சரிவில் கால் வைத்தது. தண்ணீரை உதறிக்கொண்டு, அகன்ற கறுப்புக் கால்களால் தப்புத் தப்பென்று ஏறியது. செட்டை இரண்டும் மொட்டையாக முதுகோடு ஒட்டியிருந்தன. வழி தெரிந்த ஆள். பாதைக்குத் திரும்பி, படலையை நோக்கி நடக்கத் தொடங்கியது. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின.

காகம் இன்னும் ஒரு தத்துத் தத்தியது.

அப்படியே நின்றிருந்தால் காகம் எடுத்திருக்கும். மேலே கிர்ஸ்டன் நின்றார், லொறி வராது, அன்றைக்கு அன்னத்துக்கு ஒன்றும் ஆகியிராது. நாளைக்கும் அது அதே பாதையில் வரும், அவ்வளவுதான். நாளைக்குத் துரத்தலாம் என்று நான் நினைத்தேன். கிறேஸக்காவும் அதையே நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

மாமாங்கண்ணன் தும்புத்தடியை எடுத்தார்.

“கா!” என்று கத்தினார். அப்படி ஒரு சத்தம் அந்த மனிதருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. “கா! கா! கா!” தடியால் வேலித் தகரத்தில் ஓங்கி அடித்தார். காகம் எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. அன்னத்தின் முன்னால் பாய்ந்து தடியைக் குறுக்கே பிடித்தார்.

அது ஓடவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நின்று அவருடைய கையைப் பார்த்தது. கையில் சோறு இருக்கிறதா என்று பார்த்தது.

“போ! தண்ணிக்குப் போ! உனக்கு ஆர் இரிக்கா எண்டு இஞ்ச வாறாய்? போ!”

தும்பால் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். அப்போதுதான் அது சீறியது. செட்டைகளைத் தூக்கி விரித்தது. விரிக்க அங்கே ஒன்றுமில்லை, குச்சிகள். கழுத்தை நீட்டி அவருடைய காற்சட்டையைக் கவ்வி இழுத்தது. அவர் விடவில்லை. தள்ளினார், கத்தினார், நிலத்தில் அடித்தார். குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்தன. கடைசியில் அதுவும் திரும்பி, தடுக்கி, சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அவர் பின்னாலேயே இறங்கினார். முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்பு. எங்கள் வாவியில் மீனைக் கலைத்து வலைப்பக்கம் ஓட்டத் தடியால் தண்ணீரை அடிப்பார்கள். அதே மாதிரி அடித்தார். “கா! கா!” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம். அன்னம் குஞ்சுகளை நடுவில் விட்டு, மொட்டைச் செட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, நாணலையும் தாண்டி அப்பால் போய்விட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அடித்தார்.

பிறகு நின்றார். பாய்மரத்தில் ஒன்றுமில்லை. இலை வைத்தபடி இருந்தது.

கிறேஸக்கா சரிவுவரை போய்க் கையை நீட்டினார். “ஏறுங்க. தீர்த்தமும் ஆடியாச்சி.”

மேலே நின்ற கிர்ஸ்டன் துவிச்சக்கரவண்டியைத் திருப்பினார்.

ஈரக் காற்சட்டையோடேயே அவர் வேலையை முடித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. காகம் எடுக்கவில்லை, ஆகவே சாப்பிடவில்லை. பின்னேரம் நிலுஷா தொலைபேசியில் எடுத்து, டேனிஷில் பொரிந்து தள்ளினாள். வெறும் வயிற்றோடு இருக்கிற வயதா, தாத்தா இதைக் கேட்டாரா என்றெல்லாம் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் “ஓம் மகள்” என்றார். சட்டிகள் மூடியபடி அடுப்பில் இருந்தன. கிறேஸக்காவும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் பாண் வெட்டித் தந்தார். நான் அதை மாடிக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் தின்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தடியில்லாமல், வெறுங்கையோடு துறைக்கு இறங்கினார். நானும் போனேன். அன்னம் துறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் குஞ்சுகளோடு புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டது. அவர் மெல்ல, ஒரே ஒரு தரம், “கா,” என்றார்.

அதன் கழுத்து விறைத்தது. ஒரு சீறல். குஞ்சுகளைத் திருப்பிக்கொண்டு நாணலுக்கு அப்பால் போய்விட்டது. பாதையில் ஏற நினைக்கவேயில்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கட்டைப் பக்கம் திரும்பினார். இலை கவிழ்ந்து கிடந்தது, சோறு இல்லை. இரவில் நரி வந்திருக்கலாம், கடற்புறா வந்திருக்கலாம், எலியாகவும் இருக்கலாம். கட்டையில் ஒரு பருக்கைகூட இல்லை.

“ஆர் எடுத்தாங்களோ,” என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அதையே கிறேஸக்காவிடம் சொன்னார். “எடுத்தது எடுத்ததுதானே,” என்றார் கிறேஸக்கா. “உங்கட அப்பா காகமா வந்தாரோ நரியா வந்தாரோ, பசியோட வந்திரிக்கார். இரிங்க.” முந்தின நாள் கறிகளைச் சூடாக்கி முன்னால் வைத்தார்.

அவர் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு கவளம்.

“இதென்ன இப்பிடிக் கசக்குது?”

“காத்தோட்டிக்காய் கசக்கும்தான்.”

“கசக்கும். ஆனா உப்பும் போடல்ல. பருப்பிலயும் இல்ல.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “உனக்கு இந்த வீட்டில உப்பு எங்க இரிக்கெண்டு தெரியுமா, தெரியாதா?”

கிறேஸக்கா அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு உப்புப் போத்தலை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தார். “ஒண்டரை வருசமா உப்பில்லாமத் திண்ட மனிசன். இண்டைக்கு வந்திட்டார் குறை சொல்ல.” அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் அங்கேயே எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் எழுதமாட்டேன். அவர் அதற்குப் பிறகும் அதே குரலில்தான் கதைக்கிறார். வெள்ளை இறகுக் காகம் திரும்பி வரவில்லை. அவர் மறுபடி மத்தியானச் சோற்றில் ஒரு பிடியை வைக்கத் தொடங்கினார், துறையில் அல்ல, கார்ட்னரியின் பின்பக்க மதிலில், கூப்பிடாமல். சில நாள் போயிருக்கும், சில நாள் காய்ந்து கிடக்கும். எப்படியானாலும் சாப்பிடுகிறார்.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு காலை நாங்கள் கூடத்துக்குள் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கூரைக்கு மேலே ஒரு சத்தம் வந்தது. கயிறு சுழற்றுகிற மாதிரி, விம்மி விம்மி, விட்டுவிட்டு. அன்னம் பறந்தால் அப்படித்தான் கேட்கும் என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தார். பெரிய நிழல் ஒன்று கண்ணாடியில் ஏறி, பூஞ்சட்டி வரிசைகளின் மேலாக ஓடி, அவருடைய தலையையும் தோளையும் தடவிக்கொண்டு, மறுபக்கத்தால் போனது.

மாமாங்கண்ணன் மேலே பார்த்தார். நிழல் போன பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார், நல்ல கண்ணும் அறுவை செய்த கண்ணும் கூச. நான் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

“பின்னேரம் குலேந்திரன்ட கடைக்குப் போகணும் தம்பி, ஞாபகப்படுத்து,” என்றார். “வீட்டில உப்பு முடிஞ்சிட்டு.”